முப்பத்தோராம் பக்கத்துக்காக ஒரு மன்றம்

இணையத்தில் ஒரு மன்றம் தொடங்குவதற்கு நல்ல காரணங்கள் நிறைய இருக்கின்றன. அறிவைப் பகிரலாம், ஒத்த மனதுள்ளவர்களைச் சேர்க்கலாம், தொழிலுக்குச் சேவை செய்யலாம். நான் தொடங்கியது ஒரு மனிதரின் முகத்தில் கரி பூசுவதற்காக.

அந்த மனிதரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பனியன் தொழிலில் ஆலோசகர் என்றொரு பதவி உண்டு. எந்தக் கம்பெனியில் என்ன வேலை பார்த்தார் என்று யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் எந்தக் கூட்டம் நடந்தாலும் மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி இருக்கும். எங்கள் ஆலோசகர் போனில் ஒரு குரூப் நடத்திவந்தார். துணியில் குறை வந்தால் படம் எடுத்துப் போட்டு யோசனை கேட்கிற குரூப். திருப்பூர், பல்லடம், அவிநாசி வட்டாரத்தில் துணியோடு மல்லுக்கட்டுகிற நூற்றுக்கணக்கான பேர் அதில் இருந்தார்கள்.

நான் இருபத்தாறு வருடமாகத் துணியின் தரம் பார்க்கிறவன். க்யூ.சி. என்று சொன்னால்தான் எங்கள் ஊரில் புரியும். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள். அந்தக் குணம் வீட்டுக்கும் வந்துவிட்டதாக என் மனைவி ஒருமுறை குறைப்பட்டாள். அவள் அதைச் சொன்ன விதத்தில் இரண்டு குறைகள் இருந்தன, சுட்டிக்காட்டினேன்.

குரூப்பில் கேள்வி வந்தால் நான் பதில் எழுதுவேன். கொஞ்சம் புத்தகம் படிக்கிற பழக்கம் உண்டு என்பதால் இரண்டு வரியில் முடிய வேண்டியதை இருபது வரியில் எழுதுவேன். முதலில் கணினியில் எழுதி, திருத்தி, இன்னொரு முறை திருத்தி, பிறகுதான் குரூப்பில் போடுவேன். நாலு வருடத்தில் அப்படி நாற்பத்து மூன்று குறிப்புகள் சேர்ந்தன. துவைத்தால் பனியன் ஏன் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்கிறது, சாயம் ஏன் திட்டுத்திட்டாக நிற்கிறது, கழுத்துப்பட்டி ஏன் அலையடிக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று.

அவற்றில் என் செல்லப்பிள்ளை மழைக் குறிப்பு. தைத்த பனியனைத் துவைத்து எடுத்தால் தையல் ஓரத்தில் குண்டூசி முனை அளவுக்குத் துளைகள் விழும். எல்லோரும் ஊசியைத் திட்டுவார்கள், மாற்றுவார்கள், மறுபடி திட்டுவார்கள். என் குறிப்பு இப்படித் தொடங்கும்: "மழை பெய்கிற நாளில் தைத்த துணியில் துளை விழுவதில்லை என்பதை நான் கவனித்தேன்." விஷயம் இவ்வளவுதான். அளவுக்கு மீறிக் காய்ந்த துணியில் நூல் விறைத்துக்கொண்டு, ஊசி இறங்கும்போது ஒதுங்கி வழிவிடாமல் அறுந்துபோகிறது. கொஞ்சம் ஈரப்பதம் இருந்தால் ஒதுங்கிக்கொள்ளும். அதனால் டிரையர் சூட்டைக் குறையுங்கள், ஊசியை விட்டுவிடுங்கள். பல கம்பெனிகளில் அதைச் செய்து துளை நின்றது. உடுமலைப்பேட்டையிலிருந்து ஒருவர் நன்றி சொல்வதற்காகவே ஒரு மூட்டை இளநீரோடு வந்து இறங்கினார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு கல்யாண மண்டபத்தில், ஆலோசகரின் கைப்புத்தகம் வெளியிடப்பட்டது. 'துணிக் குறைகளும் தீர்வுகளும்'. அட்டையில் அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு கைகட்டி நின்றார். நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நாற்பத்து மூன்றும் இருந்தன. என் கால்புள்ளிகள்கூட இடம் மாறாமல் இருந்தன. முப்பத்தோராம் பக்கத்தில் மழைக் குறிப்பு. "நான் கவனித்தேன்" என்று அவர் எழுதியிருந்தார். குறிப்பை எடுத்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். என்னுடைய 'நான்' அவருக்கு எதற்கு?

டீ இடைவேளையில் போய் நின்றேன்.

"ஏனுங்க, இதெல்லாம் நான் எழுதுனதாச்சுங்களே?"

அவர் கையில் வடை. "குரூப்புல வந்ததுங்க. குரூப்புல வந்துட்டா அது எல்லார்த்துக்கும் பொதுதானுங்க."

"பொதுன்னா அட்டையில உங்க போட்டோ மட்டும் இருக்குதுங்க?"

"எல்லார்த்து போட்டோவும் போட்டா அட்டை பத்தாதுங்களே," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதில் ஒருவர் இளநீர் மூட்டையோடு வந்தவர்.

அன்று மதியம் இதையே குரூப்பில் எழுதினேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது நான் குரூப்பில் இல்லை. நண்பர் ஒருவரின் போனை வாங்கிப் பார்த்தேன். என் பதில்கள் இருந்த இடங்களிலெல்லாம், அட்மின் நீக்கிவிட்டார் என்று மெல்லிய எழுத்தில் ஒரு வரி. நாலு வருடத்தைத் துடைத்துப் போட்டிருந்தார்.

அந்தக் குறிப்புகள் மறுபடி என் பேரில், தேதியோடு, யாரும் துடைக்க முடியாத ஓர் இடத்தில் நிற்க வேண்டும். அதை அவர் பார்க்க வேண்டும். வயிறு எரிய வேண்டும். என் தேவை இந்த மூன்றும்தான்.

கட்டற்ற மென்பொருள் என்று ஒன்று உண்டு, இணைய மன்றம் நடத்துவதற்கு அதில் இலவசமாகவே கிடைக்கிறது என்று எங்கோ படித்திருந்தேன். இறக்கியதும், யாரும் படிக்காத உரிமக் கோப்பை நான் படித்தேன். லேபிள் படிப்பது என் தொழில் வியாதி. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். எழுதியவர்கள் பெயரை மட்டும் நீக்கக் கூடாது என்று அதில் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகம் தெரியாத யாரோ சிலர், கல்யாண மண்டபத்து வடையைக் கண்ணால் பார்க்காமலேயே, என் வழக்குக்குத் தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்கள்.

"ஏனுங்க, பேசிப் பழகறதுக்குன்னு இந்த வயசுல தனியா ஒரு எடம் கட்டறீங்களாக்கும்?" என்றாள் மனைவி. "நம்மூட்டுல பேசறதுக்கு ஆளில்லாம நான் மிக்ஸிகூடப் பேசிக்கிட்டு இருக்கறனுங்க."

"இது பழிவாங்கறதுக்கும்மா."

"அப்பச் சரிங்க. நான் பழகறதுக்குன்னு நெனச்சுட்டேன்."

சர்வரில் இடம் பிடித்தாயிற்று. கோப்புகளை ஏற்றியாயிற்று. நிறுவும் பக்கம் வரிசையாகக் கேள்வி கேட்டது. டேட்டாபேஸ் சர்வரின் பெயர் என்ன என்று ஒரு கட்டம். நான் 'திருப்பூர்' என்று எழுதினேன். இணைக்க முடியவில்லை என்றது. சர்வர் வெளியூரில் இருக்குமோ என்று 'கோயம்புத்தூர்' போட்டேன். அதுவும் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இந்தியாவின் முக்கிய நகரங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்த பிறகுதான், அது ஊர்ப் பெயர் அல்ல, இடம் கொடுத்தவர்கள் அனுப்பிய கடிதத்திலேயே இருக்கிற ஒரு சொல் என்று தெரிந்தது. கடிதத்தை நான் படிக்கவில்லை. உரிமத்தைத்தான் படித்திருந்தேன்.

ஒருவழியாக மன்றம் எழுந்தது. முதல் பக்கத்தின் அடியில் அந்த மென்பொருளை உருவாக்கியவர்களின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று அதை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். அப்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

அடுத்த வேலை, ஆலோசகரைத் தடை செய்வது. உறுப்பினர்களைத் தடை செய்ய ஒரு பக்கம் இருந்தது. அவர் பெயரை எழுதிப் பொத்தானை அழுத்தினேன். "அப்படி ஓர் உறுப்பினர் இல்லை" என்று பதில் வந்தது. இருபத்தாறு வருடத் தொழில் வாழ்க்கையில் என்னை இவ்வளவு மகிழ்வித்த வாக்கியம் வேறில்லை. இரண்டாம் முறையும் அழுத்தினேன்.

பிறகு நாற்பத்து மூன்று குறிப்புகளையும் ஒவ்வொன்றாக ஏற்றினேன். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் முகவரியை அனுப்பினேன். பத்து நாள் காத்திருந்தேன். ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஆலோசகர்தான் ஆள்களைத் தடுத்து வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டி, அவரைப் பற்றி நாற்பத்து நான்காவதாக ஒரு குறிப்பு எழுதினேன். அதையும் யாரும் படிக்கவில்லை.

கடைசியில் அந்த மென்பொருளுக்கென்றே இருக்கிற உதவி மன்றத்தில் போய், என் தேசத்தில் எனக்கு எதிராக நடக்கும் சதியை உடைந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். ஏதோ ஒரு குளிர்நாட்டுக்காரர் அரை மணியில் பதில் எழுதினார். நிறுவி முடித்ததும் நிறுவும் கோப்புறையை அழிக்க வேண்டும். அழிக்காதவரை மன்றம் நிர்வாகியைத் தவிர வேறு யாருக்கும் திறக்காது. இது நிர்வாகப் பக்கத்தின் உச்சியில் சிவப்புக் கட்டத்தில் எழுதியிருக்குமே, பார்க்கவில்லையா என்று கேட்டிருந்தார்.

பார்த்திருந்தேன். தினமும் பார்த்தேன். ஏதோ விளம்பரம் என்று நினைத்தேன். துவைக்கும் குறிப்பு அச்சிட்ட லேபிள் ஒரு நூல் கோணலாக இருந்தால் ஒரு லாட்டையே திருப்பி அனுப்புகிறவன், சிவப்புக் கட்டத்தைப் பத்து நாள் படிக்காமல், கதவை உள்ளே பூட்டிக்கொண்டு தனியாகப் பேசியிருக்கிறேன். மிக்ஸியாவது சத்தம் போட்டுப் பதில் சொல்லும்.

கோப்புறையை அழித்தேன். மறுநாளே ஐம்பது பேர் சேர்ந்தார்கள். வார முடிவில் நூறைத் தாண்டியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இத்தனை பேருங்களா? எல்லாம் எந்தூருங்க?"

பெயர்களைப் பார்த்தோம். ஒன்றும் கொங்கு நாட்டுப் பெயராக இல்லை. எல்லோரும் வீரிய மாத்திரையும் சூதாட்டமும் விற்கிற இயந்திரங்கள். தானாகவே பதிவு செய்துகொண்டு விளம்பரம் கொட்டிப் போகிற வகை. இயந்திரங்களைத் தடுப்பதற்காகக் கோணல்மாணலான ஆங்கில எழுத்துப் படம் ஒன்றைக் காட்டி, இதைப் படித்து எழுது என்று மன்றம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இயந்திரங்கள் அதைச் சரளமாகப் படித்தன. தையல் லைனில் வேலை செய்கிறவர்களால்தான் படிக்க முடியவில்லை.

குளிர்நாட்டுக்காரர் மறுபடி வழி சொன்னார். படத்தை எடுத்துவிட்டு, உன் தொழிலில் இருக்கிற மனிதருக்கு மட்டும் பதில் தெரிந்த ஒரு கேள்வியை வை.

இரண்டு நாள் யோசித்து ஒரு கேள்வி வைத்தேன். "ஊசி உடைந்தால், புது ஊசி வாங்குவதற்கு முன் எதைக் கொடுக்க வேண்டும்?"

எங்கள் பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் கை வைத்து வேலை பார்த்த யாருக்கும் இது மூச்சு விடுவதைப் போன்ற விஷயம். தைக்கும்போது ஊசி உடைந்தால் மிஷின் நிற்கும். உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, சேர்த்து வைத்து ஊசி முழுசாகிறதா என்று பார்த்து, ரெஜிஸ்டரில் செல்லோ டேப் போட்டு ஒட்ட வேண்டும். அப்புறம்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்தத் துணிக் கட்டு நகராது. எங்கோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் அது போய்விடக்கூடும். பதில்: உடைந்த ஊசி. துண்டு, பீஸ், பழைய ஊசி என்று மனிதர்கள் எப்படியெல்லாம் சொல்வார்களோ அத்தனையையும் சரியான விடைகளாகச் சேர்த்தேன். பீகார்த் தையல்காரர் ஒருவர் இந்தியில் சொன்னதையும் கேட்டுச் சேர்த்தேன்.

இயந்திரங்கள் நின்றன. மனிதர்கள் வந்தார்கள். தையல்காரர்கள், கட்டிங் மாஸ்டர்கள், செக்கிங் அக்காக்கள், குரூப்பில் இருந்து ஒவ்வொருவராக நழுவி வந்த பழைய ஆள்கள். இளநீர்க்காரரும் வந்தார். அவர் பதிவுக்கு மட்டும் இரண்டு நாள் ஒப்புதல் தராமல் வைத்திருந்தேன்.

அப்புறம் ஒரு காலையில், 'நிர்வாகியைத் தொடர்புகொள்ள' என்ற கட்டத்தின் வழியாக ஒரு கடிதம் வந்தது. ஆலோசகர். நான் அதை வரிக்கு வரி மனப்பாடமாகச் சொல்வேன். "ஐயா, தங்கள் மன்றத்தில் இணைய முடியவில்லை. கேள்விக்கு 'விண்ணப்பம்' என்று எழுதினேன். 'அடையாள அட்டை' என்றும், 'மெக்கானிக் கையொப்பம்' என்றும் எழுதினேன். ஏற்கவில்லை. மென்பொருளில் கோளாறு என நினைக்கிறேன். சரி செய்யவும்."

துணிக் குறைகளும் தீர்வுகளும் எழுதிய கைக்கு, ஊசி உடைந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. காரணம் எளிது. என் நாற்பத்து மூன்று குறிப்பில் அது இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு எழுதுவது என்று விட்டிருந்தேன்.

கடிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரருக்கும் காட்டினேன். பிறகு பதில் எழுதினேன்: "மென்பொருளில் கோளாறு இல்லீங்க. பக்கத்தில் ஏதாவது தையல் லைனில் கேட்டுப் பாருங்க."

கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் சேர்ந்துவிட்டார். மன்றத்தின் வழக்கப்படி அவர் பெயருக்குக் கீழே 'புதியவர்' என்று பட்டம் தானாக விழுந்தது. புதியவர்கள் எழுதுவது நேரடியாக வராது. நான் ஒப்புதல் தந்தால்தான் வரும். அவரைத் தடை செய்ய வேண்டும் என்ற ஆசையே போய்விட்டது. வாசலில் நிற்க வைப்பது அதைவிட ருசியாக இருந்தது.

அந்த ருசி ஒரு வாரம் நீடித்தது. அடுத்த ஞாயிறு மதியம் மழைக் குறிப்புக்குக் கீழே, 'புதியவர்' பட்டத்தைத் தாண்டிவிட்ட ஓர் உறுப்பினரின் பதிவு வந்திருந்தது. எழுதியவர், பல்லடம் சாலையில் நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்தவர். இப்போது குன்னத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர்.

"வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா. மழை விசயம் படிச்சனுங்க. ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஏனுங்க சார், மழை பேஞ்சா ஓட்டை வாரதில்லீங்க பாருங்கன்னு அன்னைக்கு டேபிள்ல நாந்தானுங்களே சொன்னேன்? நீங்ககூட, மானத்துல மழையப் பாக்காம துணியப் பாரு அம்மணின்னு சொன்னீங்க. ஒரு வாரங் கழிச்சு டிரையர் சூட்டைக் கொறைக்கச் சொன்னீங்க. நெனப்பிருக்குதுங்களா சார்?"

இல்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் அந்த 'துணியப் பாரு அம்மணி' என் வாயில் வந்தது போலவே இருந்தது. மேஜை நினைவுக்கு வந்தது. அவர் பனியனை வெளிச்சத்துக்கு நேரே இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் தலையை ஆட்டியது நினைவுக்கு வந்தது. நான் ஈரப்பதத்தைப் பற்றிப் படித்தேன், அளந்தேன், இருபது வரி எழுதினேன். எல்லாம் உண்மை. முதல் வரியில் இருந்த 'நான்' மட்டும் என்னுடையதில்லை.

பதிவின் மூலையில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. நிர்வாகிக்கு மட்டும் தெரிவது. அதை அழுத்தினேன். "இந்தப் பதிவை நிச்சயமாக நீக்க வேண்டுமா?" என்று மன்றம் மரியாதையாகக் கேட்டது. ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். ஒரு மதியச் சாப்பாட்டுக்கும் கை கழுவுவதற்கும் நடுவே, ஆலோசகரின் விரல் இதே போன்ற ஒரு கேள்விக்கு முன்னால்தான் நின்றிருக்கும். அவருக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்பது எனக்கு மிகத் தெளிவாகப் புரிந்தது. யாரும் அறிய மாட்டார்கள்.

அப்போதுதான் கவனித்தேன். மேலே மணி போன்ற ஒரு குறி: ஒரு பதிவு ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. ஆலோசகரின் முதல் பதிவு. அம்மணி எழுதியதை முழுவதுமாக மேற்கோள் காட்டி, கீழே ஒரே வரி எழுதியிருந்தார்: "பொதுன்னு நான் சொன்னப்ப கோவிச்சுக்கிட்டீங்களே."

அந்த ஆள் வாழ்க்கையில் சொந்தமாக எழுதிய ஒரே நல்ல வரி அதுதான். அதுவும் எனக்கு எதிராக.

'இல்லை'யை அழுத்தினேன். நேர்மையினால் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். 'ஆம்' என்று அழுத்தியிருந்தால் ஆலோசகர் செய்தது சரி என்று ஆகியிருக்கும். அதைத் தாங்க என்னால் முடியாது. அவருடைய பதிவுக்கும் ஒப்புதல் கொடுத்தேன். பிறகு அம்மணியின் நம்பரைப் பழைய கம்பெனியில் கேட்டு வாங்கிப் போன் செய்தேன்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. குத்தம் சொல்றதுக்குன்னு எழுதுலீங்க."

"நீங்க சொன்னது நெசந்தானுங்க அம்மணி. நான் மறந்துபோட்டேன்."

"அது பரவால்லீங்க. நீங்கதான எழுதுனீங்க."

"பாத்தது நீங்க. ஒரு பதிவை வேற ஆளு பேருக்கு மாத்தறதுக்கு இதுல வழி இருக்குதுங்க. உங்க பேருக்கு மாத்திடட்டுங்களா?"

"பேரு கெடக்குது விடுங்க சார்," என்றவர் உடனே, "இல்லீங்க, இல்லீங்க, போடுங்க. என்ற புள்ளைகிட்டக் காட்டோணும்," என்றார்.

மாற்றினேன். மழைக் குறிப்பின் மேல் என் பெயர் போய் அவர் பெயர் வந்தது. வலித்தது. அந்த வலியை வீணாக்க மனமில்லாமல் மறுபடி போன் செய்தேன்.

"அம்மணி, இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். இது ஒரு புத்தகத்துலயும் வந்திருக்குதுங்க. முப்பத்தோராம் பக்கம்."

"புத்தகத்துலயா? யாரு பேருல சார்?"

சொன்னேன்.

"அவரு நம்பர் இருக்குதுங்களா சார்?" என்றார் அம்மணி, மிகவும் பணிவாக.

கொங்கு நாட்டுப் பெண்ணின் பணிவை எதிர்த்து நிற்பதற்கு ஆலோசகர்களிடம் ஆயுதம் கிடையாது. தினமும் காலை, லைன் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால், அவரைக் கூப்பிட்டிருக்கிறார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. "வணக்கமுங்க சார். சாப்டீங்களா? அந்த முப்பத்தோராம் பக்கம் என்னாச்சுங்க?" அவ்வளவுதான். திருத்தச் சீட்டு அச்சடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்ட வேண்டும் என்பது அம்மணியின் கோரிக்கை. உடைந்த ஊசியை ரெஜிஸ்டரில் ஒட்டுவது போல, செல்லோ டேப் போட்டு. ஒரு பிரதி குறைந்தாலும் கட்டு நகராது.

போன வாரம் ஆலோசகரின் இரண்டாவது பதிவு வந்தது. "கையிருப்பில் உள்ள பிரதிகளில் அந்தச் சகோதரியின் பெயரை ஒட்டிவிட்டேன். ஏற்கெனவே கொடுத்தவற்றை வீடு வீடாகப் போய் வாங்கி ஒட்டச் சொல்கிறார். மடத்துக்குளம் வரை போய்விட்டு வந்தேன். மன்ற நிர்வாகி தலையிட்டு இதை நிறுத்த வேண்டும்."

என்னிடம் இருந்த பிரதியில் ஒட்டுவதற்கு அவர் இன்னும் வரவில்லை. வருவார். வடை போடச் சொல்லி மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மீதி நாற்பத்திரண்டு குறிப்புகளை இப்போதெல்லாம் கொஞ்சம் பயத்தோடுதான் படிக்கிறேன். எந்த மேஜையிலிருந்து யார் எழுந்து வருவார்களோ தெரியாது. பக்கத்தின் அடியில் நான் எடுத்துவிட்ட அந்தப் பொடி எழுத்துப் பெயரையும், எதற்கு வம்பு என்று, பழையபடி போட்டுவிட்டேன்.

ஆலோசகரின் அந்தப் பதிவுக்கு மட்டும் இன்னும் ஒப்புதல் கொடுக்கவில்லை. நீக்கவும் இல்லை. தினமும் காலையில் டீயோடு உட்கார்ந்து, அது காத்திருக்கிறதா என்று திறந்து பார்த்து உறுதி செய்துகொள்கிறேன். காத்திருக்கிறது.